பை பாத்துக்கிடுத ஆளு

“நீங்க போங்க, பைய நான் பாத்துக்கிடுதேன்”னு ஆவுடையப்பன் வாயத் தொறந்ததுதான் தாமதம், அதுக்குன்னே காத்துக் கெடந்த மாதிரி அத்தனை பொம்பளைகளும் ஆளுக்கொரு பைய அவரு மடியிலயும் பக்கத்துலயும் போட்டுட்டு ஐந்தருவியில பெண்கள் பக்கம் பாத்து ஓட ஆரம்பிச்சுட்டாங்க. ஓட்டம்னா நெசமாவே ஓட்டம். முழங்கால் தேஞ்சு போச்சுன்னு வேன்ல ஏற ஸ்டூல் கேட்ட பேச்சியம்மாள்தான் முன்னால ஓடுதா. பின்னால லில்லி டீச்சர், நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள வரிசையில கூட்டிட்டுப் போற மாதிரி “மெதுவா, மெதுவா, வழுக்கும்”னு சத்தம் குடுத்துக்கிட்டே, தானே வழுக்கி, தானே சிரிச்சு. கடைசியா வடிவு, அவரு வீட்டுக்காரி. அவ மட்டும் ஒரு தடவ திரும்பி நின்னா. “இந்தா பாருங்க, பையப் பாத்துக்கிட்டே உக்காந்துராதீங்க. நாங்க வந்ததும் நீங்க போயிக் குளிக்கணும். இம்புட்டுத் தூரம் வந்துட்டு காஞ்ச தலையோட வேன்ல ஏறினீங்கன்னா அப்புறம் நான் மனுசியா இருக்கமாட்டேன்.” சரி சரின்னு தலைய ஆட்டினாரு. ஆட்டும்போதே கை தன்னால சட்டையோட மேல் பட்டனுக்குப் போயி, போட்டிருக்கான்னு தடவிப் பாத்துட்டு வந்துச்சு. போட்டிருந்துச்சு. கழுத்து வரைக்கும் போட்டிருந்துச்சு. ஆடி மாசச் சாரல்ல, குத்தாலத்துல, கழுத்துப் பட்டன் போட்டு உக்காந்திருக்கிற ஆம்பள அந்தக் கரையில அவரு ஒருத்தருதான். மத்தவனெல்லாம் இடுப்புல ஒரு துண்டு, ஒடம்பு பூரா எண்ணெய், பொறிச்செடுத்த மீனு மாதிரி மினுமினுன்னு போறான், வாரான். அவனுக்கெல்லாம் ரெண்டு பக்கமும் இருக்கு. இருக்குன்னு அவனுக்கே தெரியாது. ஆவுடையப்பனுக்கும் போன வருசத்துக்கு முந்துன வருசம் வரைக்கும் தெரியாது. பொம்பளைகளுக்கு வர்றதுன்னு சொல்லுத அந்தக் கேன்சரு அவருக்கு எடது மார்ல வந்து, அறுத்து, மருந்து ஏத்தி, ரேடியேசன்னு கரண்டு வச்சு, எல்லாம் முடிஞ்சு ஆறேழு மாசம் ஆச்சு. இப்ப ஓடுதாங்களே, வடிவத் தவிர இவுக எல்லாரும் அதே ஆஸ்பத்திரியில அதே வைத்தியத்துக்கு வரிசையில உக்காந்த கூட்டம். அத்தனை பேருக்கும் நடுவுல ஆம்பளைன்னு இவரு ஒருத்தரு.

பைகள ஒண்ணுக்குள்ள ஒண்ணு வார மாட்டி கால் இடுக்குல வச்சுக்கிட்டாரு. பையி பிடிக்கத் தெரியாதா அவருக்கு. கவர்மெண்டு பஸ்ல இருபது வருசத்துக்கு மேல கண்டக்டரு. தோல் பை வார் எடது தோள்லருந்து நெஞ்சுக்குக் குறுக்கால வந்து வலது இடுப்புல தொங்கும். அந்த வாரு படுத எடத்துலதான் மொதல்ல ஒரு பட்டாணி மாதிரி தட்டுச்சு. வலி கிலி ஒண்ணுமில்ல. மாட்டுக்கு நொகத்தடி பட்ட எடம் காச்சுப் போறதில்லையா, அது மாதிரி நமக்குப் பை வாரு காச்சுப் போச்சுன்னு நெனச்சாரு. நெனச்சாருன்னா, கொஞ்சம் பெருமையாவே நெனச்சாரு. எழுதுதவனுக்கு வெரல்ல காப்பு, கண்டக்டருக்கு நெஞ்சுல காப்பு. வாரக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டாரு, அவ்வளவுதான் வைத்தியம். அப்புறம் காம்பு உள்ள இழுத்துக்கிச்சு. அதக் கண்டுபிடிச்சது இதே ஐந்தருவி. டெப்போ ஆளுக எல்லாரும் வருசா வருசம் சீசனுக்கு வேன் பிடிச்சு வர்றதுதான், வரிசையா பாறை மேல மல்லாக்கப் படுத்து எண்ணெய் தேச்சுக்கிட்டுக் கெடக்காங்க, தேய்க்கிறவன் வயித்துல பட் பட்டுனு தாளம் போடுதான், பக்கத்துல படுத்திருந்த டிரைவர் தேவசகாயம் ஒரு கைய ஊனி எந்திரிச்சுப் பாத்துட்டுச் சொன்னாரு, “என்னவே, உம்ம எடது கண்ணு மட்டும் தூங்குதே?” பாறையே சிரிச்சுச்சு. ஆவுடையப்பன் சும்மா விடுவாரா. “நைட் டூட்டி பாத்த கண்ணுவே, தூங்காம என்ன செய்யும்.” அதுக்கும் சிரிப்பு. அன்னைக்கிப் பூரா அந்தக் கண்ணுதான் பேச்சு. அருவியில நிக்கும்போது “கண்ணுல தண்ணி படாமப் பாத்துக்கிடும்”. செங்கோட்டை ரோட்டுல புரோட்டா திங்கும்போது “கண்ணுக்கு ஒரு சால்னா ஊத்துங்கடே”. எல்லாரையும் விட அதிகமாச் சிரிச்சது அவருதான். இப்ப நெனச்சாலும் அது நல்ல ஜோக்குதான். அதான் கொடுமை. ஜோக்கு மோசமா இருந்திருந்தா வீட்டுக்கு வந்து கண்ணாடியில பாத்திருப்பாரு. நல்ல ஜோக்கா இருந்ததுனால அந்தச் சிரிப்பு ஓய மாசக்கணக்காயிப் போச்சு.

கை மறுபடியும் பட்டனுக்குப் போச்சு. சட்டையோடவே போயி நின்னா என்ன? நிக்கலாம். நிக்கிறவன் நிக்கத்தான் செய்தான், அந்தா ஒருத்தன் பனியனோட நிக்கான். ஆனா பனியனோட அருவியில நிக்கிறவன ஆவுடையப்பன் என்னவெல்லாம் சொல்லியிருக்காரு. “ஏ, ஒருத்தன் துணி தொவைக்க வந்திருக்கான்டே, சோப்பக் குடுங்கடே.” இதே கரையில, இதே வாயி. அந்த வாயி இல்லாம இருந்தா இப்ப நிம்மதியா சட்டையோட போகலாம். மனுசன் அடுத்தவனப் பாத்துச் சொன்னதெல்லாம் எங்கயும் போறதில்ல, ஒரு ரவுண்டு அடிச்சிட்டு அதே ஸ்டாப்புலதான் எறங்குது. லேடீஸ் சீட்டு, லேடீஸ் சீட்டு, எந்திரிங்கண்ணே, போர்டு கண்ணுக்குத் தெரியலையா? எத்தன ஆம்பளைகள எழுப்பி விட்டிருப்பாரு. அம்மன்புரத்துல ஏறுத ஒரு பெரிய மீசக்காரரக்கூட எழுப்பி விட்டிருக்காரு. அந்த வாயோடதான் மொத மொத அந்த ஆஸ்பத்திரிக்குப் போனது. வாசல்ல போர்டு: பெண்கள் பிரிவு. வாட்ச்மேன் கைய நீட்டுதான். “அண்ணாச்சி, அக்கா மட்டும் உள்ள போகட்டும். நீங்க அந்தா வேப்பமரத்துக்குக் கீழ இருங்க.” வடிவு சொல்லுதா, “எனக்கில்ல தம்பி, அவுகளுக்கு.” வாட்ச்மேன் அவர மேலருந்து கீழ பாக்கான். கீழருந்து மேல பாக்கான். பாத்து முடிச்சிட்டு, ரொம்ப மரியாதையா, “அப்பம் நீங்க உள்ள போங்க. அக்கா வேப்பமரத்துக்குக் கீழ இருக்கட்டும்”ங்கான். உள்ள போனா வரிசையா பொம்பளைக. நர்ஸ் ஃபைலப் பாத்து, எழுதுனவந்தான் தப்பா எழுதிட்டான்னு அவளாவே திருத்திக்கிட்டு, “ஆவுடையம்மா! ஆவுடையம்மா யாருங்க?” அவரு எந்திரிக்கல. எப்படி எந்திரிக்க. மூணாவது தடவ கூப்பிட்டப்ப பக்கத்துல இருந்த ஒரு வயசான பொம்பள, முந்தானையால தலைய மூடியிருந்தா, முடி கொட்டின தலை, அவரு தொடையில லேசாத் தட்டி, “போங்கய்யா, உங்களத்தான் கூப்பிடுதாங்க. இங்க வந்துட்டா எல்லாரும் அம்மாதான்”னா. அதுதான் பேச்சியம்மாள். டாக்டரம்மா ரொம்ப நல்ல மாதிரி, கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டே பேசுவாங்க. “மிஸ்டர் ஆவுடையப்பன், திஸ் இஸ் வெரி… எப்படிச் சொல்லுறது… நூறு லேடீஸுக்கு வந்தா ஒரு ஜென்ட்ஸுக்கு வரும். வெரி ரேர்.” அவுக சொன்னது ஆறுதலுக்கா, பாராட்டுக்கான்னு இன்னைக்கி வரைக்கும் அவருக்குப் புரியல. ஃபுல் லோடு பஸ்ஸுல லேடீஸுக்கு மத்தியில ஒத்த ஆம்பள, அவனும் கண்டக்டரு.

சாரல் கொஞ்சம் வலுத்துச்சு. பைக மேல துண்ட விரிச்சாரு. லில்லி டீச்சரோட பையி மட்டும் வாய் தொறந்து கெடந்துச்சு, ஜிப்பு போயிருச்சு போல. உள்ள அவுக திண்டு தெரிஞ்சுது. திண்டுன்னா, மார எடுத்தவுக உள்பாடிக்குள்ள வச்சுக்கிடுத மெத்து. கடையில விக்கிறது யானை வெலை. இந்தக் கூட்டத்துல பேச்சியம்மாள்தான் எல்லாருக்கும் துணியில தச்சுக் குடுக்கா, பஞ்சு வச்சு, கனத்துக்கு ஒரு பிடி தினை வச்சு. கனம் இல்லேன்னா ஒரு பக்கமா சாஞ்சு நடக்க வரும்பா. அளவெடுத்து அளவெடுத்து அவளுக்குக் கண் பாத்தாலே போதும். ஒருநா கரண்டு வைக்க வரிசையில உக்காந்திருக்கும்போது அவரு நெஞ்ச ஒரு பார்வ பாத்தா. “அண்ணாச்சிக்கும் ஒண்ணு தச்சுரட்டுமா? உங்களுக்கு அரைப் பிடி போதும்.” சுத்தியிருந்த அத்தனை பேரும் கப்புன்னு வாய மூடிட்டாங்க, ஐயோ ஆம்பள மனசு நோவுமேன்னு. அவருக்கு வயித்துலருந்து கெளம்பிச்சு சிரிப்பு. தையல் போட்ட எடம் இழுக்க இழுக்க நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. சீக்குன்னு தெரிஞ்ச நாள்லருந்து சிரிச்ச மொதச் சிரிப்பு அதுதான். அன்னைக்கித்தான் அவரு அந்த வரிசையில நெசமாவே உக்காந்தாரு. அதுக்கு முந்தி சீட்டு நுனியில, எப்ப எழுப்பி விடுவாங்களோன்னு உக்காந்திருந்தாரு. கைய மேல தூக்க முடியாம இருந்தப்ப, சொவத்துல வெரல வச்சு எறும்பு மாதிரி ஏறணும்னு காட்டிக் குடுத்தது லில்லி டீச்சர். “ம், இன்னும் மேல. நேத்து அந்தப் பல்லி வரைக்கும் போனீங்கல்லா?” பல்லி நேத்து இருந்த எடத்துலயா இருக்கும், டீச்சருக்கு யாரு சொல்லுறது. சீக்கு திரும்பாம இருக்க மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு, திடீர் திடீர்னு கழுத்துலருந்து தீப் பிடிச்ச மாதிரி ஏறி சட்டையெல்லாம் வேர்த்து, பஸ் கவுந்த மாதிரி அழுகையும் வந்தப்ப, கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னுதான் நெனச்சாரு. வடிவுதான் விசிறிக்கிட்டே சொன்னா, “எனக்குப் போன வருசம் தீட்டு நின்னப்ப இதே மாதிரித்தான இருந்துச்சு.” போன வருசமா? அவரு அவளப் பாத்தாரு. “என்ட்ட சொல்லவே இல்லையே?” “சொன்னேன். ஃபேனக் கூட்டி வைன்னீங்க.”

அவ இப்ப அங்கே நிக்கா. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், வெள்ள வெளேர்னு விழுத தண்ணிக்குள்ள எது வடிவு எது மத்தவங்கன்னு தெரியல, எல்லாம் ஒரே நெளிசலா, ஒரே கூச்சலா. பொம்பளைக கூச்சல் அருவிக்கு மேல கேக்கு. கல்யாணமான புதுசுல ஒரே ஒரு தடவ அவளக் கூட்டிட்டு வந்தாரு. அன்னைக்கி அவ உதடு நீலமா வெடவெடன்னு வந்து நின்னா, மாத்துத் துணி பஸ்ஸுல விட்டாச்சு. இவரு சட்டையக் கழத்திக் குடுத்தாரு. ஈரச் சேலை மேல ஆம்பளச் சட்டைய மாட்டிக்கிட்டு, கை நீளம் பத்தாம… இல்ல, கை நீளம் அதிகமாகி, வெரலு கூடத் தெரியாம, சூடா கடலை வாங்கி அந்தக் கையோடவே தின்னா. இவரு வெத்து ஒடம்போட கடைத்தெரு பூரா நடந்தாரு, ராசா மாதிரி. ஒருத்தனும் திரும்பிப் பாக்கல. பாத்தாலும் என்ன, பாக்கட்டுமேன்னு இருந்துச்சு அந்த ஒடம்பு. அதுக்கப்புறம் வருசா வருசம் டெப்போ வேன்தான். “நானும் வரட்டா”ன்னு அவ கேட்டதும் இல்ல. இல்ல, கேட்டிருப்பா. ஃபேனக் கூட்டி வைன்னு சொல்லியிருப்பாரு.

அப்பத்தான் ஆம்பளைக பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரியும். கெழட்டு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம இழுக்குமே, க்கிக் க்கிக் க்கிக்குன்னு, அப்புறம் ஒரேயடியாப் பிடிச்சுக்கிட்டு உறுமுமே, அது. தேவசகாயம். தலையத் தாழ்த்திக்கிட்டு ஓரக் கண்ணால பாத்தாரு. அதே பாறை. அதே வரிசை. டெப்போ ஆளுக மல்லாக்கப் படுத்துக் கெடக்காங்க, நடுவுல எண்ணெயில முக்கின எருமை மாதிரி தேவசகாயம், தேய்க்கிறவன் அவரு வயித்துல பட் பட். இன்னைக்கிப் போயி இன்னைக்கா வரணும். வேற நாளே இல்லையா. அவுகளுக்கு எப்பவும் ஆடி மொத சனிக்கிழமைதான்னு அவருக்கே தெரியும், முந்தி ஆவுடையப்பன்தான் நாளு குறிப்பாரு. அந்த வேன்ல பாக்கெட் சாராயம் ஒளிச்சு வைக்கிற எடத்துலருந்து வாந்தி எடுக்கிறவன் எந்த ஜன்னல்ல உக்காரணும்ங்கிறது வரைக்கும் அவரு வச்ச சட்டம். இப்ப நாளு குறிச்சது யாரோ, அந்த நாளும் மாறியிருக்கும்னு நெனச்சுட்டாரு. சட்டையக் கழட்டினா தேவசகாயத்துக்குத் தெரிஞ்சு போகும். ஏன்னா தேவசகாயத்துட்ட அவரு சொன்னது ஹார்ட்டு. நெஞ்சுல ஆபரேசன்னாரு. அதுல ஒண்ணும் பொய் இல்ல. தேவசகாயம் உடனே, “ஹார்ட்டாவே?”ன்னாரு. இவரு “ம்”முன்னாரு. ஒரே ஒரு “ம்”. அந்த “ம்”முக்கு அப்புறம் ஒரு வருசம் அவரு பட்ட பாடு. எத்தன அடைப்பு? ரெண்டு. போன தடவ மூணுன்னீரே? ஒண்ணு தானாத் தொறந்துக்கிச்சு. மொட்டயடிச்ச மாதிரி முடி கொட்டினதுக்கு, ஹார்ட்டுக்குத் திருப்பதில நேர்ந்துக்கிட்டேன்னாரு. மீசையுமாவே? மீசையும்தான். வெள்ளப்பூண்டு, கொள்ளு, மருதம்பட்டைன்னு டெப்போவே சேந்து அனுப்பி வச்சதெல்லாம் அடுப்படியில மூட்டையாக் கெடக்கு. எல்லாத்துக்கும் மேல, தேவசகாயம் அவுக சபையில ஜெபக் குறிப்பு எழுதிக் குடுத்துட்டாரு. வாரா வாரம் பாஸ்டர் மைக்குல, “சகோதரர் ஆவுடையப்பன் அவர்களின் இருதயத்தைத் தொட்டருளும் ஆண்டவரே.” ஆண்டவரும் வந்து தொட்டுத்தான் பாத்திருப்பாரு. நல்லாத்தான இருக்கு, எதுக்குக் கூப்பிட்டாங்கன்னு திரும்பிப் போயிருப்பாரு. ரெண்டு இஞ்சு தள்ளி இருக்குன்னு அவருக்கு யாரு சொல்லுறது.

எதுக்காக மறைச்சாரு? பயமான்னா பயம்தான். சாவு பயம் இல்ல, அது தனியா ராத்திரிக்கு வரும், பகல்ல வராது. இது பட்டப்பேரு பயம். டெப்போவுல ஒரு பேரு விழுந்தா ரிட்டயர்மெண்டு மாலை போடும்போதும் அந்தப் பேரச் சொல்லித்தான் போடுவான். அங்க முக்கால்வாசிப் பேருக்குப் பேரு வச்சதே ஆவுடையப்பன்தான். ஆஸ்பத்திரி நர்ஸ் தெரியாமக் கூப்பிட்டத டெப்போவுல தெரிஞ்சே கூப்பிடுவான். ஆவுடையம்மா, ஷிஃப்ட் போட்டாச்சா. ஆவுடையம்மா, லேடீஸ் சீட்டுல உக்காருங்க. அது நல்ல ஜோக்கு. அவருக்கே தோணுதே, அடுத்தவனுக்குத் தோணாதா. அப்படியே ஆபீஸ் டூட்டி வாங்கிக்கிட்டு, தேவசகாயம் போன் அடிச்சா எடுக்காம, ஆளு வந்தா தூங்குதாருன்னு வடிவச் சொல்லச் சொல்லி. பதினொரு வருசம் ஒரே பஸ். முன்னால அவரு, பின்னால இவரு, நடுவுல அம்புட்டு ஜனம், ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காமலே ஒரு நாள் பூரா பேசிக்கிட்டுக் கெடப்பாங்க, பிகில்லயே. ஒரு நாளு ரெண்டு விசில் குடுத்ததும் தேவசகாயம் வண்டிய எடுக்காம ஓரங்கட்டிட்டு எறங்கி வந்தாரு. “என்னவே, காய்ச்சலா?” “யாரு சொன்னா?” “விசிலு சுடுதுவே.” அந்த மனுசனுக்கு ஒரு வருசமா இவரு என்ன சீக்குல கெடந்தாருன்னு தெரியாது. கைய மேல் பட்டன்லருந்து எடுத்தாரு. மறுபடி வச்சாரு. எந்திரிச்சு வேனுக்குப் போயிருவோம். தலவலின்னு சொல்லிருவோம். வடிவு வந்தா பேசமாட்டா. எத்தன நாளுக்குப் பேசமாட்டா? அவ பேசாம இருந்தாத் தாங்கிக்கிடலாம், ஆனா அவ ஒண்ணும் சொல்லாம அந்தக் காஞ்ச தலைய ஒரு தடவ பாப்பாளே. ஈரத் துணியோட நின்னு, பாத்துட்டு, சரி வாங்கம்பாளே.

ஏதோ ஒண்ணு அவரு தொடைய உரசுச்சு. பாத்தா கொரங்கு. நல்ல கெழட்டுத் தாட்டியான கொரங்கு, ஆவுடையப்பன ஒரு ஆளாவே மதிக்காம, செக்கிங் இன்ஸ்பெக்டரு மாதிரி லில்லி டீச்சரோட பைக்குள்ள கையவிட்டுப் பாத்துட்டு, திண்ட மட்டும் எடுத்துக்கிட்டு நடந்துச்சு. தினை வாசம் பிடிச்சிருக்கு. “ஏய்!”ன்னு எந்திரிக்கிறதுக்குள்ள அது ஆம்பளைக பக்கத்துக் கம்பித் தடுப்பு மேல ஏறி உக்காந்து, திண்ட ரெண்டு கையிலயும் பிடிச்சு, இப்படித் திருப்பி அப்படித் திருப்பி மோந்து பாக்கு. டீச்சர் எப்படி வேனுக்கு வருவாங்க? இந்தக் கூட்டத்துக்கு நடுவுல, ஈரத்தோட, ஒரு பக்கம் துண்டப் பிடிச்சுக்கிட்டு? அந்த நெனப்பு வந்ததும் வேற நெனப்பெல்லாம் நின்னு போச்சு. ஓடுனாரு. சுத்தியிருந்தவன் எல்லாம் வேடிக்கை, ஆளுக்கொரு யோசனை. “கல்லெடுத்து எறிங்கண்ணே.” “பழத்தக் காட்டுங்க, மாத்திக்கிடும்.” “அது என்னதுண்ணே, பன்னா?” பழத்துக்கு எங்க போக. கொரங்கு வாயத் தொறந்து தையல்ல பல்ல வச்சுது. ஆவுடையப்பன் சட்டையப் பிடிச்சு ஒரே இழுப்பு. பட்டன் எங்க தெறிச்சுதோ. சட்டையக் கையில சுத்தி, தடுப்புக் கம்பி மேல ஓங்கி ஒரு அடி, பட்டுன்னு. கொரங்கு பல்லக் காட்டுச்சு. இன்னொரு அடி. கொரங்கு ஒரு நிமிசம் யோசிச்சுது. திண்டப் பாத்துச்சு, சட்டையப் பாத்துச்சு. நல்ல பாலிஸ்டர் சட்டை. திண்டக் கீழ போட்டுட்டு, அவரு கையிலருந்து சட்டையப் பிடுங்கிக்கிட்டு மரத்துல ஏறிருச்சு.

ஆவுடையப்பன் வெத்து ஒடம்போட நின்னாரு. சாரல் நெஞ்சுல விழுந்துச்சு. அக்குளுக்குக் கீழருந்து நெஞ்செலும்பு வரைக்கும் அந்தக் கோடு, கோட்டுக்கு மேலயும் கீழயும் ஒண்ணுமில்லாத வழவழப்பு, எல்லாம் குத்தால வெளிச்சத்துல பப்பரப்பன்னு. சுத்தி அம்புட்டு ஆம்பளைக. அவரு கண்ண மூடிக்கிட்டு எண்ணிக்கிட்டு நின்னாரு, இப்பச் சிரிப்பாங்க, இப்பச் சிரிப்பாங்க. சிரிச்சாங்க. கண்ணத் தொறந்து பாத்தா ஒருத்தனும் அவரப் பாக்கல, அத்தனை தலையும் மேல பாத்துக்கிட்டு நிக்கி. மரத்துல கொரங்கு சட்டையத் தலைவழியா மாட்டப் பாத்துக்கிட்டு இருந்துச்சு.

ஒரே ஒருத்தரு மட்டும் கீழ பாத்தாரு. எண்ணெய் சொட்டச் சொட்ட ஓடி வந்த தேவசகாயம். குனிஞ்சு திண்ட எடுத்தாரு.

“யோவ் ஆவுடை! நீரு எப்பவே வந்தீரு? இது என்னதுவே?”

“லில்லி டீச்சரோட மார்பு. குடும்.”

தேவசகாயம் குடுக்கல. கையில இருந்ததப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, கண்ணு ஏறி ஏறி, ஆவுடையப்பன் நெஞ்சுக்கு வந்து நின்னுச்சு. மூக்கு நுனியிலருந்து ஒரு சொட்டு எண்ணெய் விழுந்துச்சு.

“ஹார்ட்டுன்னீரேவே.”

“பக்கத்துலதானவே இருக்கு.”

“சபையில ஒரு வருசமா உம்ம ஹார்ட்டுக்கு முழங்கால் போட்டுக்கிட்டு இருக்கோம்.”

“அதான் அது நல்லாருக்கு.”

தேவசகாயம் மூஞ்சி ஒரு மாதிரிக் கோணிச்சு. க்கிக், க்கிக்குன்னு ரெண்டு தடவ இழுத்துச்சு, எஞ்சின் பிடிக்கல. அது சிரிப்பா வேறென்னமுமான்னு தெரியல, எண்ணெய் மூஞ்சியில எது கண்ணீருன்னு எவன் கண்டான். “ஏன்வே எங்கிட்டச் சொல்லல?”

“சொன்னா என்ன பேரு வச்சிருப்பீரு?”

தேவசகாயம் நெசமாவே யோசிச்சாரு. “வச்சிருப்பேன்தான்”னாரு. “வச்சிட்டு உம்ம கூட வந்து ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்திருப்பேன்லாவே.”

அப்புறம் தேவசகாயம் தன்னோட கையப் பாத்தாரு, எண்ணெய்க் கை. திண்ட நுனி வெரல்ல பிடிச்சுக்கிட்டு, “ஏலே, எவனாவது காஞ்ச துண்டு குடுங்கடே”ன்னு சத்தம் போட்டு வாங்கி, அதுக்குள்ள பொதிஞ்சு, காணிக்கைத் தட்டு நீட்டுத மாதிரி ரெண்டு கையாலயும் நீட்டினாரு. “டீச்சருட்ட குடுத்துரும். எண்ணெய் படல. ஒரு ஓரம் பல்லு பட்டிருக்கு, தச்சுக்கிடலாம்.” ஆவுடையப்பன் அதக் கொண்டுபோயி டீச்சரோட பையில வச்சாரு. டெப்போ ஆளுக ரெண்டு பேரு அதுக்குள்ள பைகளச் சுத்திக் கம்பு மாதிரி நின்னுக்கிட்டாங்க. ஒருத்தனும் ஒண்ணும் கேக்கல, தரையையே பாத்துக்கிட்டு நின்னாங்க. நாளைக்கிக் கேப்பாங்க. பேரும் வைப்பாங்க. வைக்கட்டும், நல்லா வைக்கிறானான்னு பாப்போம்.

“வாரும்”னு தேவசகாயம் எடது கையப் பிடிச்சு இழுத்தாரு.

“அந்தக் கை வேண்டாம்வே. முழுசா மேல போகாது.”

தேவசகாயம் விட்டுட்டு, சுத்தி வந்து வலது கையப் பிடிச்சாரு. மெதுவா, படி படியா. தண்ணி மொதல்ல தலையில விழுந்துச்சு, அப்புறம் தோள்ல, அப்புறம் மூச்சு முட்டி வேற ஒண்ணுமே இல்ல, வெள்ளை மட்டும்தான், இரைச்சல் மட்டும்தான். கோட்டுக்கு மேல விழுத தண்ணி அவருக்குத் தெரியல, அந்த எடம் மரத்துத்தான் கெடக்கு. அதுக்கு இந்தப் பக்கம் தெரிஞ்சுது, அந்தப் பக்கம் தெரிஞ்சுது. நடுவுல எங்கருந்து தெரிய ஆரம்பிக்குதுன்னு அவரு அசையாம நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்பத்தான் தேவசகாயம் காதுகிட்ட வாயக் கொண்டுவந்து கேட்டாரு.

“ரொம்ப வலிச்சுதாவே?”

இத எத்தன பேரு கேட்டிருக்காங்க. மச்சினன் கேட்டான், டாக்டரம்மா கேட்டாங்க, வடிவு தெனமும் கேட்டா. அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லியிருக்காரு.

“வலிச்சுது.”

“என்னது?” அருவிச் சத்தத்துல கேக்கல.

“வலிச்சுதுன்னேன்வே!”

பஸ்ஸு பூராக் கேக்க ஸ்டாப் பேரச் சொன்ன தொண்டை. ரொம்ப நாளா மூடிக் கெடந்தது, அடிவயித்துலருந்து வந்துச்சு. பக்கத்துல நின்ன யாரோ ஒரு ஆளு, கண்ண மூடிக்கிட்டே, “ஆமாண்ணே, இன்னைக்கித் தண்ணி நல்ல அடி”ன்னான். தேவசகாயம் அவரு கைய விட்டுட்டு எடது பக்கமா மாறி வந்து, முண்டுத கூட்டத்துக்கும் அந்தக் கைக்கும் நடுவுல தன்னோட அகலமான எண்ணெய் முதுகக் குடுத்து நின்னுக்கிட்டாரு.

ஆவுடையப்பன் மேல பாத்துக்கிட்டு, இந்தத் தடவ யாரும் கேக்காமலே, இன்னொரு தடவ கத்துனாரு.